பைத்தனா? பி.எச்.பி.யா?

வலைத்தளம் அமைக்க விழையும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி வினவுவது இது: "பைத்தன் கற்பதா, பி.எச்.பி. கற்பதா?" இவ்விரண்டில் எது உயர்ந்தது என்று வாதிடுவதைவிட, எது எதற்காகப் பிறந்தது என்று காண்பதே நமக்குப் பயன் தரும் என்பது என் கருத்து.

பைத்தன் பொதுப்பணி மொழி. நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ரோசம் இதனை 1991-இல் வெளியிட்டார். கணக்கீடு, கோப்புகளைச் சீர்செய்தல், புள்ளிவிவர ஆய்வு முதலிய பலவற்றுக்கும் இது ஏற்றது. வலைப்பணி அவற்றுள் ஒன்றே. ஆதலால் அதற்கு ஜாங்கோ போன்ற துணைக் கட்டமைப்பைச் சேர்த்துக்கொள்வது வழக்கம். பி.எச்.பி.யோ வலைக்கென்றே பிறந்தது. ராஸ்மஸ் லெர்டோர்ஃப் என்பவர் தம் சொந்த வலைப்பக்கத்துக்காக 1994-இல் எழுதிய சிறு கருவிகளே அதன் தொடக்கம்.

இந்தப் பிறப்பு வேற்றுமை நடைமுறையிலும் தெரிகிறது. பி.எச்.பி. நிரலை வலைப்பக்கத்தின் நடுவிலேயே எழுதலாம். கோப்பைச் சர்வரில் ஏற்றினால் பக்கம் இயங்கத் தொடங்கும். வழக்கமான அமைப்பில், ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் நிரல் புதிதாகத் தொடங்கி, விடையளித்ததும் தன் நினைவிலுள்ளதைத் துறந்துவிடும். பைத்தன் நிரலோ பொதுவாக ஓயாது விழித்திருந்து வருவோர்க்கெல்லாம் விடையளிப்பது. அதனை இயக்கிக் காக்கும் பொறுப்பு நம்முடையது.

தமிழர் கருதவேண்டியது இன்னொன்றும் உண்டு. 'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று என்று சிறுவரும் சொல்வர். பி.எச்.பி.யின் சாதாரண நீள அளவுகோல் 15 என்கிறது. அது எண்ணுவது பைட்டுகளை. இன்றைய பைத்தன் 5 என்கிறது. அது எண்ணுவது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்னும் யூனிகோடு குறிகளை. இதை அறியாமல் உறுப்பினர் பெயரை இடத்துக்கேற்ப வெட்டினால், எழுத்து நடுவிலே முறிந்து பெயரே சிதைந்துவிடும். பி.எச்.பி.யில் 'இன்டில்' என்னும் துணைத்தொகுதியைச் சேர்த்தால் 3 என்னும் சரியான விடை கிடைக்கும்.

ஆகவே, சங்கத்தின் அறிவிப்புகளையும் கட்டுரைகளையும் வெளியிடுவது மட்டுமே நோக்கமாயின், பி.எச்.பி.யே எளிய வழி. 2003-இல் தோன்றிய வேர்ட்பிரஸ் அம்மொழியில் எழுதப்பட்டதே. இலக்கியங்களுக்குச் சொல்லடைவு தொகுத்தல், ஆய்வுத் தரவுகளை அலசுதல் என வேலை விரியுமாயின் பைத்தனைக் கற்பீர். எதைத் தேர்ந்தாலும், முதல் நாளே உங்கள் பெயரைத் தமிழில் எழுதி, அதன் நீளத்தை அம்மொழியிடம் கேட்டுப் பாருங்கள்.