ஒரே காற்று, நாற்பது மடிக்கணினிகள்

கோ-ஒர்க்கிங் அலுவலகங்களில் இது அன்றாடக் கதை. காலை 8 மணிக்கு வந்தவருக்கு இணையம் பறக்கும். 11 மணிக்கு மேசைகள் நிறைந்ததும் வீடியோ அழைப்பில் முகம் உறைந்து நிற்கும், குரல் துண்டு துண்டாக வரும். நிர்வாகி 200 எம்பிபிஎஸ் திட்டத்தை 500 ஆக்குவார். மறுநாளும் அப்படியே இருக்கும். கட்டடத்துக்குள் வரும் ஃபைபரில் இடம் தாராளமாகக் கிடக்க, வைஃபை பெட்டிக்கும் மடிக்கணினிக்கும் நடுவே உள்ள சில மீட்டர் வெளியில்தான் நெரிசல். அங்கே நடப்பதைத் தெரிந்துகொண்டால், வைஃபை தடுமாறுவது வியப்பாக இருக்காது. அது வேலை செய்வதுதான் வியப்பு.

ஒரு வைஃபை பெட்டி வெளியிடும் ஆற்றல் ஏறத்தாழ 100 மில்லிவாட். சுவரும் தூரமும் தாண்டி மூலை மேசையை அடையும்போது அதில் 100 கோடியில் ஒரு பங்கே மிஞ்சியிருக்கலாம். அந்தத் துளியிலிருந்துதான் மடிக்கணினி ஒரு முகத்தையும் குரலையும் மீட்டெடுக்கிறது. இதற்கு ஒரு விலை உண்டு. மடிக்கணினி தானே அனுப்பும்போது, அதன் சொந்த அலை வெளியிலிருந்து வரும் அலையைவிடக் கோடிக்கணக்கான மடங்கு ஓங்கியிருக்கும். அந்த நேரத்தில் வேறு எதுவும் அதன் காதில் விழாது. ஒரே சேனலில் இருவர் சேர்ந்து அனுப்பினால் இரண்டு செய்தியும் பாழ். பாழானது அனுப்பியவர்களுக்கே உடனே தெரியாது. ஆகவே ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம்.

முறை ஒதுக்குவது யார்? பெரும்பாலும் யாருமில்லை. ஒவ்வொரு கருவியும் தானே ஒழுங்கு காக்கிறது. உங்கள் மடிக்கணினி ஒரு பாக்கெட்டை, அதாவது ஒரு தகவல் துண்டை, அனுப்ப நினைத்ததும் முதலில் காது கொடுத்துக் கேட்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்தது 34 மைக்ரோ விநாடி அமைதி நிலவ வேண்டும். பிறகு 0 முதல் 15 வரை ஏதேனும் ஓர் எண்ணைக் குருட்டாம்போக்கில் எடுக்கும். 7 என்று வைத்துக்கொள்வோம். 9 மைக்ரோ விநாடிக்கு ஒன்றாக 7, 6, 5 என்று கீழ்நோக்கி எண்ணும். நடுவில் வேறொரு கருவி பேசத் தொடங்கினால் எண்ணுவதை நிறுத்தி, அது முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். பூஜ்யம் வந்ததும் அனுப்பும். போய்ச் சேர்ந்தால் 16 மைக்ரோ விநாடியில் 'கிடைத்தது' என்று மறுமுனை பதில் தரும். பதில் வரவில்லையா? மோதல் நடந்திருக்கலாம் என்று கொண்டு, இம்முறை 0 முதல் 31 வரை எண் எடுக்கும். அதற்கும் பதிலில்லை என்றால் 63 வரை. இப்படி 1023 வரை கூடத் தன் பொறுமையை நீட்டிக்கொள்ளும். கண் இமைப்பதற்குள் இது நூற்றுக்கணக்கான முறை நடந்து முடிகிறது. ஒரு தலைவரும் இல்லாமல் நாற்பது கருவிகள் இவ்வளவு பண்போடு நடந்துகொள்வது என்னை இன்றும் பிரமிக்க வைக்கிறது.

தற்செயலாகக் காத்திருப்பது என்ற இந்த யோசனைக்கு ஹவாய்த் தீவுகளில் வேர் இருக்கிறது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சன் குழுவினர் 1971-இல் இயக்கிய அலோஹாநெட், தீவுகளுக்கிடையே கணினித் தகவலை வானொலி அலையில் அனுப்பியது. அதில் முன்கூட்டிக் கேட்கும் வழக்கமெல்லாம் இல்லை. அனுப்புவார்கள், மோதினால் தோராயமாகக் கொஞ்சம் காத்திருந்து மறுபடி அனுப்புவார்கள். அந்த முறையில் அலைவரிசையின் 18 சதவீதத்துக்கு மேல் பயன்படாது என்பது கணக்கு. முதலில் கேள், பிறகு பேசு என்ற பழக்கம் சேர்ந்த பிறகுதான் நிலைமை தேறியது.

ஆனால் இந்த ஒழுங்கு, பேசும் முறையைப் பங்கிடுகிறதே தவிர நேரத்தைப் பங்கிடுவதில்லை. 1,500 பைட் பாக்கெட் ஒன்றை 300 எம்பிபிஎஸ் வேகத்தில் அனுப்ப 40 மைக்ரோ விநாடி போதும். தூரத்து மூலையில் சிக்னல் தேய்ந்து 6 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிய கருவிக்கோ அதே பாக்கெட்டுக்கு 2,000 மைக்ரோ விநாடி வேண்டும். அதுவரை மற்ற அனைவரும் வாய்மூடிக் காத்திருக்க வேண்டியதுதான். ஆக, மூலையில் இருப்பவரின் மோசமான சிக்னல் அவருடைய தனிப்பட்ட பிரச்சினை அன்று. அவருக்கு நல்ல சிக்னல் கொடுத்தால் எல்லோருக்கும் நேரம் மிச்சமாகும்.

இதனால்தான் நடுக்கூடத்தில் சக்திவாய்ந்த ஒரே ரவுட்டரை வைப்பது தவறு என்கிறேன். ரவுட்டர் உரக்கப் பேசலாம், கைப்பேசியால் அப்படித் திருப்பிப் பேச முடியாது. லிஃப்ட் சுவரின் இருபுறமும் உள்ள இரு மடிக்கணினிகளுக்கு ஒன்றன் குரல் மற்றதற்குக் கேட்காது. காற்று காலியென்று நம்பி இரண்டும் சேர்ந்து அனுப்பும், ரவுட்டரில் வந்து மோதும். சிறிய ஆக்சஸ் பாயின்ட்டுகளைக் கூரையில் பரவலாக மாட்டி, ஆற்றலைக் குறைத்து, பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகளுக்கு வெவ்வேறு சேனல் கொடுப்பதே சரி. கூரையில் ஏன் என்றால், மனித உடலின் நீர் இந்த அலைகளை உறிஞ்சிவிடும். மேசை மட்டத்தில் வைத்தால் ஆள் கூடக்கூட சிக்னல் குன்றும்.

சேனலுக்கு எங்கே போவது? 2.4 கிகாஹெர்ட்ஸில் மொத்தமே சுமார் 83 மெகாஹெர்ட்ஸ்தான். 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்களே ஒன்றோடொன்று உரசாதவை. பேன்ட்ரியில் உள்ள மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் இயங்குகிறது. 5 கிகாஹெர்ட்ஸில் இந்திய அரசு 2018-இல் 605 மெகாஹெர்ட்ஸ் இடத்தை உரிமமின்றிப் பயன்படுத்த அனுமதித்தது. அந்த அலை சுவரைத் தாண்டத் திணறும் என்பது குறையாகச் சொல்லப்படுகிறது. நெருக்கமான அலுவலகத்தில் அது வரம். பக்கத்து அறையின் சத்தம் உள்ளே வராது.

ரிப்பீட்டரை நம்ப வேண்டாம். ஒரே சேனலில் இயங்கும் ரிப்பீட்டர் ஒவ்வொரு பாக்கெட்டையும் கேட்டு மறுபடி சொல்வதால் காற்றின் நேரத்தை இரட்டிப்பாகத் தின்கிறது. ஒவ்வொரு ஆக்சஸ் பாயின்ட்டுக்கும் கேபிள் இழுப்பதே நிலையான தீர்வு. பிரின்டர், டிவி, மேசைக் கணினி போன்ற நகராத கருவிகளையும் கேபிளுக்கு மாற்றிவிடுங்கள்.

கூடுதல் வேகத்துக்குப் பணம் கட்டும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். நெரிசல் நேரத்தில் ஒரு மடிக்கணினியை நேராகக் கேபிளில் இணைத்து வீடியோ அழைப்பில் பேசிப் பாருங்கள். அழைப்பு சீராக ஓடினால் உங்கள் இணைய இணைப்பில் குறையில்லை. அந்தப் பணத்தைக் கேபிளுக்கும் கூரைப் பெட்டிகளுக்கும் செலவிடுங்கள்.