பழைய படகு இயந்திரத்துக்குப் புத்துயிர்

யாழ்ப்பாணக் கடனீரேரிக் கரையில் வாழும் நண்பர் ஒருவர், தம் தந்தையாரின் எவின்றூட் படகு இயந்திரத்தைப் பழைய இரும்பு வாங்குவோரிடம் கொடுத்துவிட எண்ணியிருந்தார். தந்தையார் மறைந்தபின் அதைத் தொட்டவர் எவருமிலர். "கயிற்றை இழுத்து இழுத்துக் கை சலித்துவிட்டது" என்றார். நாம் ஒரு மாதத் தவணை கேட்டோம்.

படகின் பின்புறத்தில் மாட்டி, வேண்டாதபோது கழற்றிச் சுமந்து செல்லத்தக்க இயந்திரத்தை முதலிற் செய்தவர் எவின்றூட் அல்லர். அமெரிக்காவில் கமரூன் வாட்டர்மன் என்பார் அவருக்கு முன்னரே ஒன்றைச் செய்து விற்றார். ஆனால் அதனைப் பெருவழக்காக்கியவர் நோர்வேயிற் பிறந்து விஸ்கொன்சினில் வளர்ந்த ஓலே எவின்றூட்டே. காதலி பெஸ் கேட்ட ஐஸ்கிறீமை ஏரியைக் கடந்து, துடுப்பு வலித்துக் கொணர்வதற்குள் அது உருகிவிட்டதாம். அதிலிருந்து பிறந்த எண்ணம் இது என்பர். 1909-இல் விற்பனைக்கு வந்த இயந்திரம் ஒன்றரைக் குதிரைவலுவும் 62 இறாத்தல் நிறையும் உடையது. துடுப்புகளை எறிந்துவிடுங்கள் என்று விளம்பரம் எழுதியவர், பின்னர் அவர் மனைவியான அந்தப் பெஸ் அம்மையாரே!

நண்பருடையது 1950-களில் செய்யப்பட்டது. எவின்றூட் உற்பத்தி 2020-இல் நின்றுபோயினும், இவ்வகைக்குரிய உதிரிப்பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன.

இத்தகைய இயந்திரங்களில் உலோகம் எளிதிற் சாவதில்லை. மேலேயுள்ள கனத்த சில்லைச் சுத்தியலால் அடியாது, இழுவைக் கருவியாற் கழற்றினோம். உள்ளே இரு கொயில்களின் மேலுறையும் வெடித்திருந்தது. மின்பொறி வராததற்குக் காரணம் அதுவே. புதியன பூட்டி, பொயின்ற் இடைவெளியை அங்குலத்தின் ஆயிரத்தில் 20 பங்காக வைத்தோம். காபரேற்றரிற் பழைய பெற்றோல் பிசினாக உறைந்திருந்தது, கழுவினோம். பெற்றோல் தாங்கியோ காற்றழுத்தத்தால் வேலை செய்யும் பழைய வகை. அதன் இறப்பர் வளையங்கள் நைந்திருந்தன. கசியும் ஆவி வள்ளத்தினுள் தேங்கினால் ஒரு பொறி போதும். இதில் மட்டும் சிக்கனம் பாராட்டலாகாது என்று கூறி, எல்லா வளையங்களையும் மாற்றுவித்தோம்.

நீரிறைக்கும் இறப்பர்ச் சில்லும் புதிதாயிற்று. நீரின்றி ஓட்டினால் அது சற்று நேரத்திற் கருகிவிடும். முன்னொருமுறை அவ்வாறு கருக்கிய பெருமை நமக்குண்டு! ஆதலால் நீர் நிறைந்த பீப்பாயில் இயந்திரத்தை மாட்டினோம். இரண்டடிப்பு இயந்திரத்துக்கு எண்ணெய் பெற்றோலோடு கலந்தே செல்லவேண்டும். 24 பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் கலந்தோம்.

ஐந்தாம் இழுப்பில் நீலப்புகை எழுந்தது. அந்த ஓசை கேட்டு நண்பரின் தாயார் அடுக்களையிலிருந்து வந்து, தூணைப் பற்றியபடி நெடுநேரம் நின்றார்.

"உங்கட அப்பா துடுப்பு ரெண்டையும் வைக்காமல் ஒருநாளும் போறேல்லை, தம்பி" என்றார் மகனிடம்.

மறுநாட் காலை வள்ளம் விரைந்தது. பாதி வழியில் விசிறி ஏதோ கல்லில் மோத, அதைத் தாங்கும் பித்தளை ஆணி முறிந்தது. பற்சில்லுகளைக் காக்கவென்றே முறியுமாறு அமைந்த ஆணி அது. மாற்று ஆணி கொண்டுவர இருவருமே மறந்திருந்தோம். ஆளுக்கொரு துடுப்பாக வலித்து, வெயில் ஏறியபின் கரை சேர்ந்தோம்.