வாரநாளில் ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை ரேஸ் டிராக்: ஒரே காரில் முடியுமா?

கார் வாங்க ஷோரூமுக்குப் போனால் முதலில் காட்டுவது டச் ஸ்கிரீன், அடுத்து சன்ரூஃப். கொஞ்சம் ஆர்வமாகக் கேட்டால் "சார், 120 பி.எஸ். பவர்" என்று பதில் வரும். ஒரு தடவை "இந்த கார் எத்தனை கிலோ?" என்று கேட்டுப் பாருங்கள். விற்பனையாளர் பெரும்பாலும் மேனேஜரைத் தேடிப் போவார். பல புரோஷர்களில் அந்த எண்ணே இருக்காது.

திங்கள் முதல் வெள்ளி வரை ஆபீஸ் போக வேண்டும், மாதத்தில் ஒரு ஞாயிறு சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ கோவை கரி ஸ்பீட்வேயிலோ நாலு சுற்று சுற்ற வேண்டும், ரெண்டுக்கும் ஒரே கார்தான் என்று யோசிக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் முதலில் தேட வேண்டிய எண் எடைதான். பவர் அதற்குப் பிறகு வரட்டும்.

ஏன் என்று சொல்ல இரண்டு சுஸுகி இன்ஜின்களில் இருந்து ஆரம்பிக்கலாம்.

ஒரே பவர், பாதி எடை

இப்போது விற்பனையில் உள்ள மாருதி ஸ்விஃப்ட்டில் 1.2 லிட்டர் இன்ஜின், சுமார் 82 பி.எஸ். பவர் (பி.எஸ். என்பது ஏறத்தாழ ஹெச்.பி.தான், வித்தியாசம் ஒரு சதவீதத்துக்குச் சற்று அதிகம்). எடை சுமார் 920 கிலோ. பிரிட்டனில் தயாராகும் கேட்டர்ஹாம் செவன் 170 காரிலும் சுஸுகி இன்ஜின்தான், அதுவும் வெறும் 660 சிசி டர்போ. பவர் சுமார் 85 பி.எஸ். அதாவது ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே பவர். ஆனால் கேட்டர்ஹாமின் எடை 440 கிலோ.

ஒரு டன்னுக்கு எத்தனை பி.எஸ். என்று கணக்குப் போட்டால் ஸ்விஃப்ட்டுக்கு 89, கேட்டர்ஹாமுக்கு 193. இதே கணக்கை 2025 மே மாதம் 53 லட்சம் ரூபாய் எக்ஸ்-ஷோரூம் விலையில் இங்கே வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ காருக்கும் போடலாம். 265 பி.எஸ்., எடையை 1,450 கிலோ என்று வைத்துக்கொண்டால் 183 வருகிறது. 85 பி.எஸ். கார் 265 பி.எஸ். காரை இந்தக் கணக்கில் முந்துகிறது!

கொஞ்சம் பொறுங்கள், இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. காரை ஓட்ட ஆள் வேண்டுமே. 75 கிலோ டிரைவரையும் சேர்த்தால் கேட்டர்ஹாம் 165-க்கு இறங்குகிறது, கோல்ஃப் 174. இப்போது கோல்ஃப் முன்னால் போய்விடுகிறது. கார் எவ்வளவு லேசோ அந்த அளவுக்கு உள்ளே உட்காருபவரின் எடையும் கணக்கில் வரும். கேட்டர்ஹாம் வாங்குபவர்களுக்கு டயட் ஒரு மாடிஃபிகேஷன் மாதிரி.

இந்த ரகத்தில் உலகப் புகழ் பெற்ற மற்ற கார்களும் பவரை நம்பி வந்தவை அல்ல. 1996-ல் வந்த முதல் லோட்டஸ் எலீஸ் சுமார் 725 கிலோ. 1989-ல் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5, நாலு தலைமுறை கடந்தும் ஜப்பானின் 1.5 லிட்டர் மாடலில் ஏறத்தாழ 1,000 கிலோவிலேயே நிற்கிறது. டொயோட்டா ஜிஆர்86 கொஞ்சம் கனம், சுமார் 1,270 கிலோ.

வேகம் எடுப்பதை விட நிறுத்துவதுதான் செலவு

பவர்-எடை விகிதம் நேர் சாலையின் கதையை மட்டும்தான் சொல்லும். டிராக்கில் உங்கள் பர்ஸைக் காலி செய்வது பிரேக்கும் டயரும். அங்கே விகிதத்துக்கு வேலையில்லை, மொத்த எடைதான் பேசும்.

பள்ளிக்கூட இயற்பியல்தான். இயக்க ஆற்றல் என்பது எடையில் பாதி, பெருக்கல் வேகத்தின் வர்க்கம். மணிக்கு 144 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஒரு வளைவுக்காக 72-க்கு இறங்குகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு கிலோ எடைக்கும் 600 ஜூல் ஆற்றலை பிரேக் உறிஞ்ச வேண்டும். காற்றுத் தடையை விட்டுவிட்டால், 950 கிலோ காருக்கு 570 கிலோஜூல், 1,500 கிலோ காருக்கு 900 கிலோஜூல்.

புரிகிற மாதிரி சொன்னால்: 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 300 கிலோஜூல் வேண்டும். லேசான கார் ஒரு தடவை அழுத்தி பிரேக் போட்டால் கிட்டத்தட்ட ரெண்டு லிட்டர் தண்ணீர் கொதிக்கும். கனமான காருக்கு மூணு லிட்டர். 12 வளைவுகள், 3.7 கி.மீ. நீளம் கொண்ட இருங்காட்டுக்கோட்டை முழு டிராக்கில் ஒரு சுற்றிலேயே இப்படிப் பல தடவை. ஆறாவது சுற்றில் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது என்றால் அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்குள் போய்விட்டது என்று அர்த்தம்.

ஆயிலுக்கும் கொதிநிலை உண்டு. டாட் 3 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 205 டிகிரி தாங்க வேண்டும், டாட் 4 என்றால் 230, டாட் 5.1 என்றால் 260. ஆனால் இந்த ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய டாட் 4-க்கு தர நிர்ணயம் சொல்லும் குறைந்தபட்ச அளவு வெறும் 155 டிகிரி. கடலோர ஊரில் மூணு வருஷமாக ஆயில் மாற்றாத காரை டிராக்குக்கு எடுத்துப் போவது ஆபத்து. எல்லாவற்றிலும் மலிவான, எல்லோரும் மறக்கிற வேலை இது.

இதனால்தான் 'ஸ்போர்ட்ஸ் கார்' என்ற பெயரை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. 2025-ல் இங்கே விற்பனைக்கு வந்த எம்ஜி சைபர்ஸ்டர் ரெண்டே சீட், திறந்த கூரை, 510 பி.எஸ். தூரத்தில் இருந்து பார்த்தால் எம்எக்ஸ்-5-க்கு அண்ணன் மாதிரி இருக்கும். ஆனால் எலெக்ட்ரிக் பேட்டரியோடு சேர்த்து எடை கிட்டத்தட்ட 2 டன். ஈசிஆரில் மாலை நேரம் ஓட்ட அருமையான கார். டிராக்கில் நாள் முழுக்க ஓட்ட வேறு கார் பாருங்கள்.

அப்போ எம்எக்ஸ்-5 இங்கே ஏன் இல்லை?

மாஸ்டா இந்தியாவில் கார் விற்பதே இல்லை. வெளிநாட்டுச் சான்றிதழ் பெற்ற கார்களை உள்ளூர் சோதனை இல்லாமல் ஆண்டுக்கு 2,500 வரை இறக்குமதி செய்ய நிறுவனங்களுக்கு 2018 முதல் அனுமதி உண்டு. ஆனால் வரி இருக்கிறதே! 25 லட்சம் ரூபாய்க்குத் துறைமுகத்தில் வந்து இறங்கும் புதிய பெட்ரோல் கார் என்று வைத்துக்கொள்வோம். 70 சதவீத சுங்க வரி சேர்ந்தால் 42.5 லட்சம். அதன் மேல் 40 சதவீத ஜி.எஸ்.டி. போட்டால் 59.5 லட்சம். டீலர் லாபமும் மாநில சாலை வரியும் இன்னும் பாக்கி. 40,000 டாலருக்கு மேல் மதிப்புள்ள கார் என்றால் சுங்க வரி மட்டுமே மொத்தம் 110 சதவீதம்.

2025 ஜூலையில் கையெழுத்தான இந்தியா - பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம், குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் வரும் பிரிட்டன் கார்களுக்குச் சுங்க வரியைப் படிப்படியாக 10 சதவீதம் வரை குறைக்க வழி செய்கிறது. கேட்டர்ஹாமும் லோட்டஸும் பிரிட்டனில்தான் இருக்கின்றன. ஆனால் வரி குறைந்தால் மட்டும் ஷோரூமும் சர்வீஸ் சென்டரும் முளைத்துவிடாது.

உள்ளூர் தயாரிப்பிலும் வரிதான் காரின் உருவத்தைத் தீர்மானிக்கிறது. 4 மீட்டருக்குள் நீளம், 1,200 சிசிக்குள் பெட்ரோல் இன்ஜின் என்றால் 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ரெண்டில் ஒன்று தாண்டினாலும் 40. வரிக்கு முன் 10 லட்சம் மதிப்புள்ள கார் ஒன்று 11.8 லட்சம் ஆகும், இன்னொன்று 14 லட்சம் ஆகும். ஜப்பானில் 1.4 லிட்டர் டர்போ இன்ஜினோடு சுமார் 970 கிலோ எடையில் விற்ற ஸ்விஃப்ட் ஸ்போர்ட் இந்த 40 சதவீதக் கூண்டில்தான் விழுந்திருக்கும். இங்கே வரவே இல்லை.

இந்த வரிக் கட்டமைப்பால் ஒரு நல்லதும் நடந்திருக்கிறது. நம் ஊர் சாதாரண ஹேட்ச்பேக்குகள் உலக அளவில் பார்த்தாலும் லேசானவை. கையில் கிடைத்ததை வைத்து ரேஸ் ஓட்டும் பழக்கமும் இங்கே பழசுதான். கரி ஸ்பீட்வேக்குப் பெயர் கொடுத்த கோவை எஸ். கரிவரதன், 1980-களின் இறுதியில் மாருதி 800 பாகங்களை வைத்தே ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கை ரேஸ் காரை உருவாக்கினார்.

சரி, எதைப் பார்ப்பது?

புதிய கார்தான் வேண்டும் என்றால் என் முதல் சாய்ஸ் ஹூண்டாய் ஐ20 என் லைன். 998 சிசி டர்போ, 120 பி.எஸ்., நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். 18 சதவீத வரம்புக்குள் வருகிறது. மேனுவல் கியர்பாக்ஸே எடுங்கள்.

பழைய கார் பரவாயில்லை என்றால் பலரும் மறந்துவிட்ட ஒன்று இருக்கிறது. 2017-ல் வந்து 2020-ல் நின்றுபோன மாருதி பலேனோ ஆர்எஸ். 1 லிட்டர் டர்போ, 102 பி.எஸ்., சுமார் 950 கிலோ, இதிலும் நாலு டிஸ்க். வந்தபோது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 145 பி.எஸ். அபார்த் புன்டோ ஓட்ட ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் ஃபியட் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திவிட்டது. ஒரு பாகம் உடைந்து ரெண்டு மாதம் காத்திருக்க முடியாது என்றால் அது ஆபீஸ் கார் ஆகாது. ஃபோக்ஸ்வாகன் போலோ டிஎஸ்ஐ நடுவில் வரும்: நல்ல கட்டுமானம், கொஞ்சம் கூடுதல் எடை, 2022-ல் உற்பத்தி நின்றாலும் சாலையில் நிறைய ஓடுகிறது.

சாதாரண ஸ்விஃப்ட்? சிரிக்காதீர்கள். டிராக்குக்குப் புதியவர் என்றால் 82 பி.எஸ். காரில்தான் வளைவில் வேகத்தைக் காப்பாற்றக் கற்றுக்கொள்வீர்கள். பின்னால் டிரம் பிரேக் என்பது குறைதான், ஆனால் டயரும் பேடும் எந்த ஊரிலும் கிடைக்கும். ஸ்பீடு பிரேக்கர் தாண்டும், மழைத் தண்ணீரில் போகும், பின் சீட்டில் அப்பா அம்மா உட்காருவார்கள். கேட்டர்ஹாமுக்குள் அம்மாவை ஏற்றி இறக்குவதை ஒரு நிமிஷம் கற்பனை செய்து பாருங்கள்.

எந்த காராக இருந்தாலும் எடையைத் தெரிந்துகொள்ள புரோஷரை நம்ப வேண்டாம். ஆர்.சி.யில் 'அன்லேடன் வெயிட்' என்று ஒரு வரி இருக்கும். பழைய கார் பார்க்கும்போது முதலில் அதைப் படியுங்கள்.

டிராக் கேட்டைத் தாண்டினால் இன்ஷூரன்ஸ் வெளியே நிற்கும்

கார் தேர்வை விட முக்கியமானது இது. இந்தியாவின் வழக்கமான கார் பாலிசியில் 'பயன்பாட்டு வரம்புகள்' என்று ஒரு பகுதி இருக்கும். ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை, ரிலையபிலிட்டி டிரையல் எல்லாவற்றுக்கும் பாலிசி பொருந்தாது என்று அதில் எழுதியிருக்கும். 'டிராக் டே என்பது பந்தயம் இல்லையே, டைமிங்கூட எடுக்கவில்லையே' என்று வாதாடலாம். ஆனால் வேகச் சோதனை என்ற வார்த்தையும் அங்கே இருக்கிறது. 'பம்பர் டு பம்பர்' எடுத்திருக்கிறேன் என்பதும் உதவாது. அது அதே பாலிசியின் மேல் போடும் ஆட்-ஆன்தான், அடிப்படை விலக்குகள் அப்படியே இருக்கும். பிரிட்டனில் டிராக் நாளுக்கு என்றே தனி இன்ஷூரன்ஸ் விற்கிறார்கள். இங்கே உங்கள் நிறுவனத்திடம் கேட்டு, பதிலை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கணக்கு இப்படிப் போடுங்கள். 10 லட்சம் கடனில் வாங்கிய காரை முதல் வருஷமே டிராக் சுவரில் மோதுகிறீர்கள். உங்களுக்குக் கீறல் இல்லை, கார் காலி. இன்ஷூரன்ஸ் வராது. ஈ.எம்.ஐ. இன்னும் நாலு வருஷம் வரும். இந்த நிலைமையைத் தாங்க முடியாத விலையில் உள்ள காரை டிராக்கில் இறக்காதீர்கள். 53 லட்ச கோல்ஃபை விட 5 லட்ச பழைய ஹேட்ச்பேக்கை டிராக்குக்கு நான் சிபாரிசு செய்வதற்கு எடை பாதிக் காரணம், இது மீதிக் காரணம்.

மாடிஃபிகேஷனிலும் எல்லை உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி நிறுவனத்தின் அசல் விவரக்குறிப்பில் இருந்து வாகனத்தை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பின் சீட்டைக் கழற்றுவது, ரோல் கேஜ் வெல்டு செய்வது, சத்தமான எக்ஸாஸ்ட் எல்லாம் சாலையில் ஓடும் காருக்கு வம்பு. அதே அளவில் நல்ல டயர், சூடு தாங்கும் பேட், புது பிரேக் ஆயில் ஆகியவை தேய்மானப் பொருட்கள். டிராக்கில் பெரிய வித்தியாசம் தருவதும் இந்த மூணுதான்.

வாங்கும் முன் இன்னொன்று. இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையிலும் பயிற்சிப் பள்ளிகள் அவர்களுடைய காரையே ஓட்டக் கொடுக்கின்றன. ரெண்டு தடவை போய்ப் பாருங்கள். வருஷத்துக்கு ரெண்டு நாள் போதும் என்று தோன்றினால் அவர்கள் காரே போதும், ஆபீஸுக்கு உங்களுக்குப் பிடித்த வேறு எதையாவது வாங்கலாம்.

சொந்தக் காரில்தான் போகிறீர்கள் என்றால், சாயங்காலம் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதும் அதே காரில்தான். ஒரு செட் பேடு, ஒரு லிட்டர் பிரேக் ஆயில், டயர் பிரஷர் கேஜ் டிக்கியில் இருக்கட்டும். ஒவ்வொரு செஷனிலும் கடைசிச் சுற்றை பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி டிஸ்க்கை ஆற விடுங்கள். நிறுத்திய பிறகு ஹேண்ட்பிரேக் இழுக்காதீர்கள், கியரில் விட்டு சக்கரத்துக்குக் கல் வையுங்கள். கிளம்பும் முன் பெடலை ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். காலையில் இருந்த மாதிரி கெட்டியாக இல்லையென்றால் ஹைவேயில் ஏறாமல் ஃபிளாட்பெட் டிரக்கைக் கூப்பிடுங்கள்.