சட்டைப் பைக்கு ஏற்ற பேனா

நூறு ரூபாய்க்குள்ளும் நல்ல மைப்பேனா உண்டு. எது தினமும் கூட வரும், எது முதல் வாரமே சட்டையில் கறை வைக்கும் என்பதைக் கடையிலேயே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்.

காந்தியின் பெயரில் 2009இல் ஒரு பேனா இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. மோன்ட்பிளாங்க் நிறுவனம் வெளியிட்ட அந்தப் பேனாவின் விலை 11 லட்சம் ரூபாய்க்கும் அதிகம். தண்டி யாத்திரையின் 241 மைல்களை நினைவூட்ட 241 பேனாக்கள் மட்டுமே செய்யப்பட்டன. நிப்பில் கைத்தடியுடன் நடக்கும் காந்தியின் உருவம் இருந்தது. தேசத் தலைவர்களின் பெயரையும் படத்தையும் வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதைத் தடுக்கும் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி வழக்கு எழ, கேரள உயர் நீதிமன்றம் விளக்கம் கேட்டது. 2010 தொடக்கத்தில் விற்பனையை நிறுத்தி வைப்பதாக நிறுவனம் ஒப்புக்கொண்டது.

காந்தி நிஜமாகவே கையில் பிடித்து எழுதிய ஊற்றுப்பேனாவின் கதை வேறு. ஆந்திரத்தின் ராஜமுந்திரியைச் சேர்ந்த கே.வி. ரத்னம் முழுக்க உள்நாட்டிலேயே செய்த பேனா ஒன்று, தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா வழியாக அவரிடம் போய்ச் சேர்ந்தது. கடைகளில் விற்கும் அந்நியப் பேனாக்களுக்கு இது நல்ல மாற்றாகத் தெரிகிறது என்று 1935 ஜூலையில் வார்தாவிலிருந்து ரத்னத்துக்கு எழுதினார் காந்தி. எழுதிப் பார்த்த பிறகே சான்று அளித்தார் என்பதுதான் அந்தக் கடிதத்தில் கவனிக்க வேண்டிய விஷயம்.

மலிவு விலையில் தினசரிப் பேனா தேடுகிறவர்களுக்கு இன்றும் இதைவிடச் சிறந்த வழி இல்லை. பெயரைப் பார்த்து வாங்கக்கூடாது, எழுதிப் பார்த்து வாங்க வேண்டும்.

விரல் வலிக்குக் காரணம்

பந்துமுனைப் பேனாவில் மை பிசின் போலக் கெட்டியானது. குண்டு உருண்டால்தான் அது தாளில் இறங்கும். குண்டு உருள அழுத்தம் வேண்டும். ஊற்றுப்பேனாவின் மை தண்ணீர் போன்றது. நிப்பின் நடுவிலுள்ள மெல்லிய பிளவில் அது தானாகவே இறங்கி நுனியில் காத்திருக்கிறது. தாளைத் தொட்டால் போதும். நிப்புக்கு அடியில் ஒட்டியிருக்கும் வரிவரியான கட்டைக்கு இரண்டு வேலைகள்: மையைக் கீழே விடுவது, அந்த இடத்துக்குக் காற்றை மேலே அனுப்புவது. இந்தக் கணக்கைச் சரியாகப் பிடித்து 1884இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்காவின் லூயிஸ் வாட்டர்மேன்.

அழுத்தம் தேவையில்லை என்பது சொகுசு விஷயமல்ல. குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் ஒன்பது தாள்கள், ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். கட்டை விரல் கடைசி அரை மணி நேரத்தில் மரத்துப்போனால் அதற்குத் தனி மதிப்பெண் யாரும் தரமாட்டார்கள். விடைத்தாள் திருத்தும் ஆசிரியருக்கும், நாள் முழுதும் பதிவேடு எழுதும் குமாஸ்தாவுக்கும் இதே தொல்லைதான். ஆனால் வட்டங்களை நிரப்பும் ஓஎம்ஆர் தாளுக்கு மைப்பேனா உதவாது. அங்கே பந்துமுனைப் பேனாதான் விதி. தேர்வு எழுதுகிறவர் பையில் இரண்டும் இருக்க வேண்டும்.

ஊற்றுவதா, சொருகுவதா?

கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பேனாவில் மை எப்படி நிரப்புவது என்பது. மூன்று வழிகள் பரவலாக உள்ளன.

முதலாவது நம் ஊர்களில் தலைமுறைகளாகப் பழகியது: கழுத்தைத் திருகிக் கழற்றி, இங்க் ஃபில்லரால் உடல் முழுவதும் மை ஊற்றுவது. இரண்டு முதல் நான்கு மில்லிலிட்டர் வரை பிடிக்கும். உள்ளே ரப்பர் டியூபோ பிஸ்டனோ இல்லாததால் கெட்டுப்போகவும் எதுவும் இல்லை. ஆனால் ஒரு குணம் உண்டு. மை பாதிக்குக் கீழே இறங்கியதும் காலியிடத்தில் காற்று நிறைகிறது. கைச் சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். பொத்தென்று ஒரு சொட்டு தாளில் விழும். பேனா ‘கக்குகிறது’ என்று பள்ளிப் பிள்ளைகள் புகார் சொல்வது இதைத்தான். மூன்றில் ஒரு பங்கு மை மிஞ்சியிருக்கும்போதே மறுபடி நிரப்பிவிட்டால் பாதித் தொல்லை தீரும். மரையில் துளி சிலிகான் கிரீஸ் தடவினால் கழுத்தோரக் கசிவும் நிற்கும்.

இரண்டாவது கார்ட்ரிட்ஜ். மை அடைத்த சிறு குழாயைச் சொருகினால் வேலை முடிந்தது. கை கறைபடாது; பயணத்துக்கு வசதி. ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். குட்டை கார்ட்ரிட்ஜ் ஒன்றில் சுமார் 0.8 மில்லிலிட்டர் மைதான் இருக்கிறது. ஆறு அடங்கிய பெட்டி என்றால் ஐந்து மில்லிலிட்டர்கூடத் தேறாது. 60 மில்லிலிட்டர் மைப்புட்டி ஒன்றுக்கு ஈடாக இப்படிப் பன்னிரண்டுக்கும் அதிகமான பெட்டிகள் வாங்க வேண்டும். உள்நாட்டு மைப்புட்டியோ சில பத்து ரூபாய்களில் கிடைக்கிறது. மலிவாக வாங்கிய பேனா மாதாமாதம் காசு கேட்பது இப்படித்தான். அந்தப் பேனாவுக்கு மட்டுமே பொருந்தும் தனி வடிவக் கார்ட்ரிட்ஜ் என்றால் சிக்கல் இன்னும் அதிகம். கடைக்காரர் அதை வரவழைப்பதை நிறுத்தினால் பேனாவும் ஓய்வு பெற்றுவிடும்.

மூன்றாவது கன்வெர்ட்டர். கார்ட்ரிட்ஜ் இருக்க வேண்டிய இடத்தில் உட்காரும் சிறு உறிஞ்சி. புட்டியிலிருந்தே மையை இழுத்துக்கொள்ளலாம். கொள்ளளவு ஒரு மில்லிலிட்டருக்குள்தான். ஆனால் கக்காது, கசியாது. அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் நடுவே அலைகிறவர்களுக்கு இது நல்ல சமரசம். கன்வெர்ட்டர் பேனாவுடனேயே வருகிறதா, தனியாக வாங்க வேண்டுமா என்பதைப் பணம் கொடுக்கும் முன் கேட்டுவிட வேண்டும்.

நுனியில் இருக்கிறது சூட்சுமம்

தங்க நிப் தினசரிப் பேனாவுக்கு அவசியமில்லை. துருப்பிடிக்காத எஃகு நிப் போதும். தாளை உண்மையில் தொடுவது எஃகும் அல்ல, தங்கமும் அல்ல. நுனியில் பற்றவைத்த கடின உலோகக் கலவையின் சிறு மணி. மை வராதபோது பிளவில் பிளேடை விட்டுக் கீறுவது பள்ளிக்கூடத்துப் பழைய வைத்தியம். அது அந்த மணியைத்தான் பதம் பார்க்கிறது.

நிப்பின் தடிமனும் முக்கியம். தமிழ், தெலுங்கு, மலையாளம் போன்ற எழுத்துகளில் சுழிகள் அதிகம். தடித்த நிப்பில் ‘ண’வும் ‘இ’யும் கண் மூடிப்போகும். நம் நோட்டுப் புத்தகத் தாளும் பெரும்பாலும் மெல்லியது. அதிகமாக மை இறங்கினால் மறுபக்கம் தெரியும். எனவே ஃபைன் எனப்படும் மெல்லிய நிப்பே அன்றாடத்துக்குப் பொருத்தம். ஜப்பானிய ஃபைன், ஐரோப்பிய ஃபைனைவிட இன்னும் மெல்லியதாக இருப்பது வழக்கம். கையெழுத்துப் போடுவதோடு நிறுத்திக்கொள்ளும் அதிகாரிகளுக்கு மட்டும் தடித்த நிப் அழகு.

நிப்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கலாம். பிளவு மேலே சற்று அகன்றும் நுனியை நோக்கிக் குறுகியும் இருக்க வேண்டும். இரண்டு முனைகளும் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால் தாளைக் கீறும். மையில் தோய்த்து எட்டு எண்ணைப் பத்து முறை தொடர்ந்து போட்டால் எந்தத் திசையில் சொரசொரப்பு என்று தெரிந்துவிடும்.

பைக்கேற்ற பேனாக்கள்

நூறு ரூபாய்க்குள் பள்ளிப் பிள்ளைகளுக்கான கேம்லின் பேனாக்கள் கிடைக்கின்றன. 1931இல் மை வியாபாரமாகத் தொடங்கிய மும்பை நிறுவனம் இது. இப்போது ஜப்பானின் கொகுயோ குழுமத்தில் இருக்கிறது. முதல் மைப்பேனாவாக இதில் தொடங்குவது புத்திசாலித்தனம். தொலைந்தாலும் வருத்தமில்லை.

சில நூறு ரூபாய் செலவழிக்க முடிந்தால் தேர்வு விரிகிறது. மும்பையின் ஏர்மெயில், வாலிட்டி பேனாக்கள் மை ஊற்றும் ரகம். உடல் கண்ணாடி போல இருப்பதால் மை எவ்வளவு மிச்சம் என்று எப்போதும் தெரியும். கான்பூரின் கான்ரைட், நிப்புக்குப் பேர்போனது. சீனாவின் ஹீரோ 616, 1941இல் வந்த பார்க்கர் 51இன் சாயலில் செய்தது. நிப் உறைக்குள் மறைந்திருப்பதால் சீக்கிரம் உலராது. ஆனால் போலிகள் நிறைய. ஜப்பானின் பிளாட்டினம் பிரெப்பி சாதாரண பிளாஸ்டிக்தான். இருந்தும் அதன் மூடிக்குள் உள்ள அடைப்பால் ஓராண்டு வரை மை உலராது என்று தயாரிப்பாளர் உறுதி சொல்கிறார். வாரக்கணக்கில் பேனாவைத் தொடாமல் விடுகிறவர்களுக்கு ஏற்றது.

இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டினால் ஜெர்மனியின் லாமி சஃபாரி. 1980இல் வந்த இந்தப் பேனாவின் கழுத்து முக்கோண வடிவில் செதுக்கப்பட்டிருக்கும். விரல் தானாக இடம் பிடித்துக்கொள்ளும். வேறு விதமாகப் பேனா பிடித்துப் பழகியவர்களுக்கு அதுவே இடைஞ்சல். ஆகவே கையில் பிடித்துப் பார்க்காமல் வாங்கக்கூடாது.

எந்த விலையானாலும், பையில் வைக்கும் பேனாவுக்கு மூடிதான் உயிர். திருகு மூடி பையில் கழன்றுவிடாது. ஆனால் அடிக்கடி குறிப்பெடுக்கும் நிருபருக்கோ மருத்துவருக்கோ ஒவ்வொரு முறையும் திருகப் பொறுமை இருக்காது. அவர்களுக்கு இழுத்துத் திறக்கும் மூடி நல்லது. அது ‘டிக்’ என்று பிடிக்க வேண்டும். கிளிப் உறுதியாக இருந்தால் பேனா பையில் நிமிர்ந்தே நிற்கும். நிப் மேல்நோக்கி இருக்கும்வரை கசிவுக்கு வாய்ப்புக் குறைவு. விமானப் பயணத்தில் காற்றழுத்தம் மாறும். முழுக்க நிரப்பி எடுத்துப் போக வேண்டும், இல்லையென்றால் காலியாக.

மையிலும் கவனம் தேவை. ஓவியர்கள் பயன்படுத்தும் இந்தியன் இங்க்கை ஊற்றுப்பேனாவில் விடவே கூடாது. அதிலுள்ள அரக்கு உலர்ந்தால் பேனா முடிந்தது. தண்ணீரில் கரையும் நீல மை பள்ளிக்கும் சட்டைக்கும் நல்லது, காசோலைக்கு ஆகாது. அதற்கு அழியாத மை வேண்டும். கொல்கத்தாவின் சுலேகா போன்ற பழைய பெயர்கள் திரும்பி வந்திருக்கின்றன. சுதேசி இயக்கத்தின் சூட்டில் 1934இல் ராஜ்ஷாஹியில் பிறந்த சுலேகா, 1980களின் இறுதியில் மூடிக் கிடந்து பிறகு உயிர்பெற்றது. 2020இல் ஊற்றுப்பேனா மைகளை மீண்டும் கொண்டுவந்தது.

கடைசல் பட்டறையின் பங்கு

ஆயிரம் ரூபாயும் அதற்கு மேலும் தரத் தயாராக இருப்பவர்களுக்கு இன்னொரு கதவு திறக்கிறது. ராஜமுந்திரியிலும், திருவள்ளூரிலும் எபோனைட் கட்டையைக் கடைசலில் ஏற்றிக் கையாலேயே பேனா செய்கிறார்கள். ரப்பருடன் கந்தகத்தை அதிக அளவில் சேர்த்துச் சூடாக்கினால் கிடைக்கும் கெட்டிப் பொருள்தான் எபோனைட். உலோகம் போல் சூட்டைச் சட்டென்று கடத்தாது. வியர்க்கும் கையில் வழுக்காது. சென்னை பாரிமுனையில் 1920களிலிருந்து இருந்துவரும் ஜெம் அண்ட் கோ போன்ற கடைகளில் இத்தகைய பேனாக்களைக் கையில் வாங்கிப் பார்க்கலாம்.

இங்கே விலையைவிடப் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது: பேனா பழுதானால் போய்க் கேட்க ஆள் உண்டு. 1980களிலிருந்து எழுதித் தூக்கியெறியும் பேனாக்கள் நாடெங்கும் பரவியபோது, கடைத்தெருக்களில் நிப் மாற்றிக்கொடுத்துப் பிழைத்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்தார்கள். பழுதுபார்க்க ஆளில்லாத ஊரில் எந்த மைப்பேனாவும் தூக்கியெறியும் பேனாதான். கேரளத்தில் பல பள்ளிகள் பிளாஸ்டிக் குப்பையைக் குறைக்க மைப்பேனாவுக்குத் திரும்பியபோதும் இதே கேள்வி நின்றது. பேனா கொடுப்பது எளிது. நிப் உடைந்தால் இரண்டாவது நிப் எங்கே?

ஆகவே வாங்கும்போதே கேட்க வேண்டும்: நிப் தனியாகக் கிடைக்குமா, எவ்வளவு? பதில் சொல்லும் கடையில் வாங்குவது நல்லது. பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மாதம் ஒருமுறை சாதாரணக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் போதும். வெந்நீர் எபோனைட்டின் நிறத்தை மங்கவைக்கும்; ஸ்பிரிட் பிளாஸ்டிக்கை வெடிக்கவைக்கும். மை உலர்ந்து அடைத்துக்கொண்டால் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டால் பெரும்பாலும் காலையில் எழுதத் தொடங்கிவிடும். இந்த அளவு கவனிப்பு கிடைத்தால் நூறு ரூபாய்ப் பேனாகூட ஒரு மாணவரின் பள்ளிப் படிப்பு முடியும்வரை கூடவே வரும்.