பொருள் நோக்கு நிரலாக்கம்: தேவையும் மிகையும்

பாலக்காட்டுக் கணவாயில் வாளையாற்றை அடுத்துள்ள கஞ்சிக்கோடு, ஆலைகளுக்குரிய கட்டுப்பாட்டு வால்வுகளைச் செய்வதில் பெயர் பெற்ற ஊர். கணிப்பொறி நிரலாக்க முறைகளுள் ஒன்றை விளக்க அவ்வால்வே தக்க சான்றாகும்.

வால்வு எவ்வளவு திறந்துள்ளது என்பது தரவு. திறத்தலும் மூடுதலும் செயல்கள். இவற்றை ஒன்றாகப் பிணைத்து ஒரு பொருளாகக் கருதுவதே பொருள் நோக்கு நிரலாக்கம். ஒரே வகைப் பொருள்களின் பொது அமைப்பை 'இனக்குழு' என்பர். நார்வே நாட்டு அறிஞர்களான டால், நைகார்ட் ஆகிய இருவரும் 1960களில் ஆக்கிய சிமுலா மொழியில் இம்முறை தோன்றிற்று. உலக நிகழ்ச்சிகளைக் கணிப்பொறியில் ஒப்புமையாக இயக்கிக் காண்பதே அவர்தம் நோக்கம். நூறு வால்வுகள் கொண்ட ஆலையை இம்முறையால் தெளிவுற விவரிக்கலாம்.

ஆனால், எல்லா வேலையும் ஆலை அன்று. முப்பது நாள் மழையளவின் சராசரியைக் காண்பதாகக் கொள்வோம். கூட்டி, எண்ணிக்கையால் வகுத்தால் போதும்; பைத்தான் மொழியில் இது சில வரிச் செயற்கூறு. இதற்கே 'அளவீடு' என்றோர் இனக்குழு, அதன் வழிவந்த 'மழையளவு' என்றொன்று, அதனைப் படைக்க ஒன்று, மேற்பார்க்க மற்றொன்று எனப் பெருக்குவோர் உளர். மழைமானியைப் பார்க்காது விட்ட நாளைச் சுழியெனக் கொண்டால் சராசரி குறைந்து பிழையாகும். சிறு செயற்கூறாயின் இப்பிழை உடனே புலப்படும். பத்துக் கோப்புகளில் சிதறிக் கிடப்பின், திருத்த வந்தவர் கூட்டல் எங்கே நிகழ்கிறது என்று தேடுவதிலேயே பொழுது கழியும்.

இப்பழக்கம் வேரூன்றியமைக்குக் காரணங்கள் உண்டு. 1995இல் வெளிவந்த ஜாவா மொழியில் ஒரு வரியை அச்சிடுவதற்கும் இனக்குழு எழுதவேண்டியிருந்தது. 2025இல் வந்த 25ஆம் பதிப்பிலேயே இக்கட்டாயம் முற்றிலும் நீங்கியது. 1994இல் காமா முதலிய நால்வர் எழுதிய நூல் 23 வடிவமைப்பு முறைகளைத் தொகுத்தளித்தது. மரபுரிமத்தை மிகுத்தல் வேண்டா, பொருள்களை இணைத்துக் கையாள்வதே சிறப்பு என்று அந்நூலே அறிவுறுத்தியது. எனினும், பலர் அறிவுரையை விடுத்து, 23 முறைகளையும் சடங்குபோல் கைக்கொண்டனர்.

ஆகவே, ஆசிரியர்கள் முதலில் செயற்கூற்றைக் கற்பிப்பது நலம். தரவும் செயலும் பிரியாது நிற்கும் இடம் வரும்போது இனக்குழுவை அறிமுகப்படுத்தலாம். களப்பணியாளர்கள் நிரலொன்றைப் பெறுமுன், 'பார்க்காத நாளை இது எவ்வாறு கணக்கிடுகிறது?' என்று வினவுதல் வேண்டும். அதற்கு ஒரே இடத்தைச் சுட்டி விடையளிக்க இயலுமாயின் அந்நிரல் நன்று.