தோல் புற்றுநோயும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வும்: ஓர் எளிய விளக்கம்

உடம்பை ஆலயமாகப் பேணச் சொல்வது நமது சமய மரபு. ஆலயத்தைக் காக்கக் காவலர் இருப்பதுபோல், உடம்பைக் காக்க எதிர்ப்பு அணுக்கள் இருக்கின்றன. அந்தக் காவலர்கள் புற்றுநோயைச் சில வேளைகளில் ஏன் விட்டுவிடுகிறார்கள், அவர்களை மீண்டும் எழுப்புவது எப்படி என்பதை இம்மலரின் வாசகர்களுக்கு இயன்றவரை எளிய தமிழில் சொல்ல விரும்புகிறேன்.

கறுத்த தோலுக்குப் புற்றுநோய் வராது என்று நம்மில் பலர் எண்ணுகிறார்கள். தோலுக்கு நிறம் தரும் மெலனின், வெயிலின் தீமையைப் பெரிதும் தடுக்கிறது என்பது உண்மையே. ஆயினும் நிறத்தை உண்டாக்கும் அணுக்களிலேயே மெலனோமா என்னும் கொடிய புற்றுநோய் தோன்றக்கூடும். நம்மைப் போன்ற நிறத்தவருக்கு அது பெரும்பாலும் வெயில் அதிகம் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் வருகிறது. ஜமைக்காவின் புகழ்பெற்ற பாடகர் பாப் மார்லி 1981இல் தமது 36ஆம் வயதில் மறையக் காரணம், கால் விரல் நகத்தடியில் தொடங்கிய இந்நோயே.

டி அணுக்கள் எனப்படும் வெள்ளையணுக்கள் புற்றணுக்களைத் தேடி அழிக்க வல்லவை. அவை வரம்பு மீறி நம் உடலையே தாக்கிவிடாமல் இருக்க, இயற்கையே அவற்றில் சில பிரேக்குகளை வைத்திருக்கிறது. சி.டி.எல்.ஏ.-4, பி.டி.-1 என்பன அவற்றுள் இரண்டு. பி.டி.-1 என்னும் பிரேக்கைப் புற்றணு தானே மிதித்துக் காவலரை நிறுத்திவிடுகிறது. இந்தப் பிரேக்குகளை விடுவிக்க வழிகாட்டிய அமெரிக்கரான ஜேம்ஸ் அலிசனும் ஜப்பானியரான தசுக்கு ஹோஞ்சோவும் 2018இல் நோபெல் பரிசு பெற்றனர்.

முன்பெல்லாம் உடலில் பரவிவிட்ட மெலனோமா நோயாளிகளுள் பெரும்பாலோர் ஓராண்டைத் தாண்டுவதே அரிதாக இருந்தது. இரண்டு பிரேக்குகளையும் விடுவிக்கும் மருந்துகளைச் சேர்த்துப் பெற்றவர்களில் நூற்றுக்கு 43 பேர் 10 ஆண்டுகளுக்குப் பின்னும் உயிருடன் இருந்ததாக 2024இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. பெரும் சாதனைதான். ஆனால் மற்றவர்களுக்கு அது ஏன் கைகொடுக்கவில்லை? இக்கேள்விக்கு விடை தேடும் இடங்களில் ஒன்றுதான் மைக்ரோ ஆர்.என்.ஏ.

ஆலய அலுவலகத்திலிருந்து மடப்பள்ளிக்கு, "இன்று இத்தனை படி அரிசி" என்று சீட்டுப் போவதாக வைத்துக்கொள்வோம். வழியில் ஒருவர் அச்சீட்டை மடித்து வைத்துவிட்டால் உலை ஏறாது. அணுவுக்குள்ளும் இப்படித்தான். மரபணுவின் கட்டளை ஒரு சீட்டாகப் போய்ப் புரதம் உண்டாகிறது. சுமார் 22 எழுத்துகளே கொண்ட மைக்ரோ ஆர்.என்.ஏ., அச்சீட்டைப் பிடித்து அடக்கிவிடுகிறது. ஒன்றே பல சீட்டுகளை அடக்கக்கூடும்.

155 என்று எண்ணிடப்பட்ட மைக்ரோ ஆர்.என்.ஏ.வை எடுத்துக்கொள்வோம். டி அணுக்களில் அது இல்லாத எலிகளுக்கு மெலனோமா வேகமாக வளர்கிறது. ஆகவே காவலருக்கு அது நண்பன். ஆனால் மெலனோமாவோடு தொடர்புடைய வேறு சில மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களுடன் சேர்ந்து, மோனோசைட் என்னும் மற்றொரு வகை வெள்ளையணுவைக் காவலருக்கே முட்டுக்கட்டையாக மாற்றுவதில் இதே 155க்குப் பங்குண்டு என்று இத்தாலியின் மிலான் நகர ஆய்வாளர்கள் 2018இல் காட்டினர். இக்கூட்டம் இரத்தத்தில் மிகுந்திருந்த நோயாளிகளுக்குச் சிகிச்சை குறைவாகவே பலித்தது. இருக்கும் இடத்தைப் பொறுத்து ஒரே பொருள் நண்பனும் ஆகிறது, பகைவனும் ஆகிறது. யாருக்கு எந்த மருந்து பயன்படும் என்பதை இரத்தப் பரிசோதனையால் முன்கூட்டியே அறியலாம் என்ற நம்பிக்கை இதிலிருந்து பிறந்துள்ளது.

இதையே மருந்தாக்கலாமே என்று கேட்கலாம். 34 என்ற எண்ணுடைய மைக்ரோ ஆர்.என்.ஏ.வைப் பலவகைப் புற்றுநோயாளிகளுக்குச் செலுத்திப் பார்த்த சோதனை, எதிர்ப்புச் சக்தி தொடர்பான கடும் பக்க விளைவுகளால் 2016இல் நிறுத்தப்பட்டது. மெலனோமாவுக்கு அங்கீகாரம் பெற்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. மருந்து இன்றுவரை இல்லை. இருப்பதாகச் சொல்லி எவரேனும் பணம் கேட்டால் அன்பர்கள் ஏமாற வேண்டாம்.

ஆராய்ச்சியே வீண் என்பது இதற்குப் பொருளன்று. மைக்ரோ ஆர்.என்.ஏ.வை விக்டர் அம்புரோசும் கேரி ருவ்கனும் முதன்முதலில் 1993இல் கண்டறிந்தது, ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவில்தான். அதற்குரிய நோபெல் பரிசு 2024இல் வந்தது. விதைத்தவர் பலனைக் காண நெடுங்காலம் ஆகலாம் என்பதை நமது அறப்பணிகளுக்கு வாரி வழங்கும் கொடையாளர்கள் நன்கு அறிவர்.

அதுவரை நம் கையில் இருப்பது கண்ணும் கருத்துமே. ஆலயத்தில் செருப்பைக் கழற்றிக் கால் கழுவும் நாம், மாதம் ஒருமுறை உள்ளங்காலையும் நகங்களையும் உற்றுப் பார்ப்போம். புதிதாகத் தோன்றி வளரும் கரும்புள்ளி, நகத்தில் அகன்றுவரும் கறுப்புக் கோடு, ஆறாத புண் ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் காட்டுவோம். வயதான பெற்றோருக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். தொடக்கத்திலேயே கண்டுவிட்டால் சிறிய அறுவை சிகிச்சையோடு குணமாக நல்ல வாய்ப்புண்டு.

அனைவரும் நோயற்ற வாழ்வு பெற எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணைநிற்பதாக.