திருப்பிக் கொடுக்கப்போற நாய்க்கு ஏன் சொந்தக் காசு?

ஒரு செலவு சொல்றேன். போட்ட பணமும் திரும்பாது, வளர்த்த நாயும் உங்ககிட்ட இருக்காது. செய்வீங்களா?

அமெரிக்காவில் சில கல்லூரி மாணவர்கள் செய்றாங்க. அங்கே 1975-ல் தொடங்கிய கெனைன் கம்பானியன்ஸ், மாற்றுத்திறனாளிகளுக்குப் பயிற்சி பெற்ற நாய்களை இலவசமாகவே கொடுக்குது. எட்டு வாரக் குட்டியை வாங்கி, சுமார் ஒன்றரை வருஷம் வளர்ப்பது தன்னார்வலர்கள். சாப்பாடு, தடுப்பூசி, டாக்டர் ஃபீஸ் எல்லாம் அவங்க பாக்கெட்டிலிருந்துதான். இதுக்கு வரிக்கழிவு கேட்கலாம். ஆனா பார்ட் டைம் வேலை பார்க்கிற மாணவருக்கு வரியே பெருசா இருக்காது, கழிச்சு என்ன மிச்சம்!

பெரிய செலவு நேரம்தான். வகுப்பு முடியும்வரை நாய் பெஞ்சுக்கு அடியில் சத்தமில்லாம படுக்கணும். கேன்டீனில் கீழே விழுந்த சிப்ஸைத் தொடக்கூடாது. இதையெல்லாம் தினமும் பழக்கணும். நண்பர்கள் டூர் கூப்பிட்டா, நாயை யார் பார்த்துப்பாங்கங்கிறதுதான் முதல் கேள்வி. பயிற்சியில் இருக்கிற நாயை எங்கே கூட்டிட்டுப் போகலாம்ங்கிறதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

அப்புறம் ஒருநாள் அமைப்பிடம் ஒப்படைக்கணும். அடுத்தகட்டப் பயிற்சியில் எல்லா நாயும் தேறாது. தேறலைன்னா, வளர்த்தவரே தத்தெடுத்துக்க வாய்ப்பு உண்டு. இருந்தும், அது தேறணும்னுதான் பலரும் வேண்டிக்கிறாங்க.